நாற்பது நிமிடப் பற்றரி

இஞ்சாருங்கோ,

இன்றைக்கும் நாலு பேருக்குப் புட்டு அவித்துவிட்டேன். நீங்களும் அனோஜினியும் சாப்பிட்டு, மிச்சத்தை மூடி வையுங்கோ.

நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். றெனோல்டின் லாப்டொப்பில் இருப்பதையெல்லாம் அழித்து அதைத் தங்கச்சிக்குக் கொடுப்போம் என்று நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது. பின்னேரம் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக வாங்கிக் கொடுங்கோ. கட்டடப் படம் கீறுகிற பிள்ளை. திரை பதினேழு அங்குலமாவது இருக்கட்டும், மெமரியும் கூடுதலாக வேண்டும். பாரம் பார்க்க வேண்டாம். "பாரமானதுதான் அம்மா நிண்டு பிடிக்கும்" என்று தன்னுடையதை வாங்கும்போது றெனோல்டே சொன்னவன்.

அவன் கடைசியாகத் திறந்து வைத்துவிட்டுப் போனதை இந்தப் பதினொரு மாதமும் நான் அணைக்கவில்லை. பாஸ்வேர்ட் எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை அணைந்தால் திரும்பத் திறக்க ஏலாது. அதற்குள் இருக்கிற விசிறி இரையும்போதெல்லாம் பிள்ளை அறைக்குள் இருக்கிறான் என்று என் கை ஒரு பிடி மாவைக் கூடுதலாகப் போட்டுவிடுகிறது.

பத்து மணிக்கு எங்கள் கட்டடத்தில் கரண்ட் நிற்பாட்டுவார்களாம். திருத்த வேலை, இரண்டு மணித்தியாலம் என்று கீழ்க் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அதன் பற்றரி நாற்பது நிமிடந்தான் தாங்கும். நான் வேலைக்குப் போகிறேன்.

யோசெப்பின்

சொல்ல மறந்தது: வயரைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்கு ஓட வேண்டாம். அணையட்டும். ஆனால் விசிறி நிற்கும்வரை கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருங்கோ. ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போகும்போது நீங்கள் வேலையில், நான் பஸ்ஸில்.