பிடித்த கையின் பக்கம்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. மாமாவும் நானும் நலம். நீயும் என் மகனும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே மாமா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. இப்போது எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து அவரோடு உட்கார்ந்திருக்கிறார். நான் வகுப்புக்குப் போகிற நாட்களிலும் அவர்தான் துணை. போன வாரம் மாமா பழைய வேலை நினைப்பில் அவருக்குச் செய்தித்தாளில் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்து, சில்லறை இல்லையென்றதும் பாதி வழியில் இறக்கிவிட்டாராம். பாவம், மனுஷன் கோபித்துக்கொள்ளாமல் வாசல்வரை போய்விட்டுத் திரும்ப ஏறினாராம்.

நீ சேர்த்துவிட்ட அந்த ஜப்பான் தற்காப்புக் கலை, ஐகிடோ வகுப்பை நான் விடவில்லை. அதைச் சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

நீ வந்திருந்தபோது, பாத்திரம் கழுவ நான் சட்டைக் கையை மடித்துவிட்டதும் என் மணிக்கட்டைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. "நான் கழுவுறேன், நீங்க உக்காருங்க அத்தை" என்று என்னை நகர்த்திவிட்டாய். சாயங்காலம் வெளியே போய் வந்து, சைக்கிள் கடை மாடியில் நடக்கிற வகுப்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். என் மகனிடம் முட்டிவலிக்கு நல்லது என்று கூசாமல் அளந்துவிட்டாய். "இந்த வயசுல அம்மாவுக்கு குஸ்தியா?" என்று அவன் சிரித்தான். எனக்கு உன்மேல் உள்ளுக்குள் கோபம்தான். மூடி வைத்தது தெரிந்துவிட்டதே என்ற கூச்சம் வேறு. ஆனால் நீ வாய்விட்டுக் கேட்டிருந்தால், கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். கேட்காமல் விட்டாயே, அந்த நல்ல மனசுக்கு நான் என்ன சொல்வேன்.

மாஸ்டர் ஒரு பெண். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பகலில் செயற்கைப் பல் செய்கிற வேலை. யாரையும் அதட்ட மாட்டார். முதல் நாள் அந்தத் தொளதொள பேண்ட்டை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு நான் கம்பீரமாக நிற்க, மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சரிசெய்துவிட்டாள். அங்கே முதல் பாடமே விழுவதுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகை வளைத்து உருள வேண்டும். மற்றவர்கள் பந்து மாதிரி உருண்டு எழுந்தார்கள். நான் மூட்டை சரிவதுபோலச் சரிந்து, கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். எனக்கு ஜோடி ஒரு தபால்காரர், நெடுநெடுவென்று இருப்பார். "பயப்படாதீங்க அக்கா. நான்தான் உங்களப் பாத்து பயந்துக்கிட்டு இருக்கேன்" என்றார். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தேன்.

கொஞ்ச நாளில் மணிக்கட்டுப் பிடி வந்தது. ஒருவர் பிடிக்க வேண்டும், இன்னொருவர் விடுவித்துக்கொள்ள வேண்டும். தபால்காரர் மெதுவாகத்தான் பிடித்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவர் பதறிக் கையை எடுத்துவிட்டார். மாஸ்டர் வந்து, "நீங்க அவர் கையப் பிடிங்கம்மா, அவர் இழுக்கட்டும்" என்றார். பிடித்தேன். அவர் இழுத்தார். அவரைப் பிடித்து வைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அவர் இழுக்க இழுக்க என் விரல்கள் தானாக இறுகின. அதைப் பார்த்து நானே திகைத்துப்போனேன்.

"இழுத்தா எந்தக் கையும் இறுகத்தான் செய்யும்," என்றார் மாஸ்டர். "கைய அவர்கிட்டயே விட்டுட்டு, நீங்க அவர் பக்கமா போய்த் திரும்பி நில்லுங்க. அவர் எதைப் பாக்குறாரோ அதையே நீங்களும் பாருங்க."

கேட்க எளிதாக இருக்கிறது. எனக்குக் கால் பின்னிக்கொண்டு, பல வாரம் தபால்காரரின் காலைத்தான் மிதித்தேன்.

மாமா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். வேலை செய்த காலமெல்லாம் பேருந்தில் கண்டக்டர். வெளியில் ஆயிரம் பேரிடம் கத்திவிட்டு வந்தாலும் வீட்டில் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நினைவு தடுமாற ஆரம்பித்த பிறகு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவருக்கு நிலைகொள்ளாமல் போய்விடும். நான் வாசல் பக்கம் போனால் பாய்ந்து வந்து கையைப் பிடிப்பார். நான் உதறுவேன். அவர் இன்னும் இறுக்குவார். நீ பார்த்த கன்றிப்போன தடம் அப்படி வந்ததுதான். இத்தனை வருஷமும் என்மேல் இருந்த ஏதோ வெறுப்பை, புத்தி காவல் காத்து உள்ளே வைத்திருந்ததோ, இப்போது காவல் போனதும் வெளியே வருகிறதோ என்று நினைத்து நினைத்து மருகியிருக்கிறேன். கை வலி ஒன்றுமே இல்லை அம்மா, அந்த நினைப்புதான் என்னைத் தின்றது.

போன மாதம் ஒரு நாள், மழை வரும்போல் இருந்தது. வெளியே கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் கதவைத் திறந்தேன். வந்து பிடித்தார். நான் யோசிக்கவே இல்லை, உடம்பு தானாகச் செய்தது. கையை அவரிடமே விட்டுவிட்டு, அவர் பக்கமாகப் போய்த் திரும்பி, தோளோடு தோள் ஒட்டி நின்றேன். அவர் பார்த்த திசையில் பார்த்தேன். திறந்த கதவு, அதற்கு அப்பால் கீழே இறங்குகிற மாடிப்படி. அவருடைய பிடி தளர்ந்தது.

"என்னங்க தெரியுது?" என்று கேட்டேன்.

"வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்மா," என்றார். "அவசரப்படாத. நிக்கட்டும், நானே சொல்றேன். அப்புறம் இறங்கு."

ஓடுகிற வண்டியிலிருந்து நான் விழுந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் என்னைப் பிடித்திருக்கிறார். நான் அவர் மனைவி என்று தெரிந்து பிடித்தாரோ, யாரோ ஒரு பயணி என்று பிடித்தாரோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் எனக்குப் போதும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவர், "ம், இப்ப இறங்கு. பாத்து" என்று கையை விட்டார். வெளியே போய்க் கொடியில் கிடந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். துணி நன்றாக நனைந்துவிட்டது, மழையும் வந்துவிட்டது.

இப்போதெல்லாம் நானே, "கண்டக்டர் சார், இறங்கலாமா?" என்று கேட்கிறேன். சில நாள் உடனே அனுமதி கிடைக்கும். சில நாள் வண்டி நெரிசலில் மாட்டிக்கொள்ளும், அடுப்பில் பால் பொங்கி வழியும்.

உன்னிடம் மறைக்கப்போவதில்லை, எல்லா நாளும் இப்படிப் போவதில்லை. முந்தாநாள் குளிக்கச் சொன்னதற்குத் தள்ளிவிட்டார். கூடத்தில் விழுந்தேன். ஆனால் உருண்டு எழுந்தேன், முழங்கையில் லேசான வீக்கம் மட்டும். எழுந்து பார்த்தால், தூக்கிவிடக் கையை நீட்டியபடி அவரே நிற்கிறார்.

என் மகன் போனில், அப்பாவைச் சேர்க்க ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னான். தோட்டம் இருக்கிறதாம், நர்ஸ் இருக்கிறார்களாம். அவன் சொல்வதில் தப்பில்லை, அவனுக்கு என்னைப் பற்றித்தான் பயம். எனக்காக அவனோடு நீ வாதாட வேண்டாம், உங்களுக்குள் மனஸ்தாபம் வரக் கூடாது. ஒருமுறை அவனை இங்கே அழைத்து வா. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் இருக்கும்படி வாருங்கள், அவனே பார்க்கட்டும். அப்பா அவனை யார் என்று கேட்கலாம். அப்போது நீ அவன் அருகில் இரு.

என்னால் முடியாத நாள் வரும், எனக்கும் தெரியும். அன்றைக்கு யாரும் என்னிடம் கேட்க வேண்டியிருக்காது, நானே சொல்வேன், முதலில் உன்னிடம்தான் சொல்வேன். அதுவரை இவரை என் பக்கத்திலேயே விட்டுவையுங்கள்.

நீ நினைத்ததெல்லாம் நடந்து, நிறைந்த மனதோடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் கண்ணே.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தை