தானாகத் திறக்காத கிளிப்

மதர்போர்டு டாக்டருக்கு,

"மதர்போர்டு செத்துடுச்சுப்பா, புது கம்ப்யூட்டர்தான் வாங்கணும்" என்று எவ்வளவு சோகமாகச் சொன்னாய். அப்பாவும் நம்பி ஸ்கூட்டரை விற்கத் துணிந்துவிட்டார்.

காலையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மெமரி ஸ்டிக் பாதி வெளியே நின்றது; அது சரியாக உட்காராவிட்டால் கம்ப்யூட்டர் ஓடாது. அதைப் பிடித்திருக்கும் கிளிப் விரலால் அழுத்தாமல் திறக்காது, தம்பி. தூசியில் உன் விரல் தடம் வேறு. அழுத்திச் செருகினேன், ஓடுகிறது. உன்னைவிட யோக்கியமான மெஷின்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், கொட்டிக்கொள்.

பதினோரு மணிக்கு ஸ்கூட்டரை விலைக்கு வாங்க மெக்கானிக் வருவார். விற்கவில்லை என்று நீயே சொல்.

அக்கா

பி.கு.: பக்கத்தில் அப்பா நிற்பார், ஏன் என்று கேட்பார். நான் இன்னும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.