மவுசுக்கு வைத்த சந்தனம்

அக்கா,

இன்று ஆயுத பூஜை. மகள் தன் மடிக்கணினியையும் மவுசையும் துடைத்துத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். குழைத்த சந்தனத்தின் வாசம் மூக்கில் ஏறியதும், போத்தனூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு, அந்த ஆபீஸ் நாட்களைப் போலவே நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

"மவுசுக்கு அடியில மட்டும் வெக்கக்கூடாது கண்ணு" என்றேன். "அடியில யாரும்மா வெப்பாங்க?" என்று அவள் சிரித்தாள். வைத்தார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நாம் இருவரும் வேலை பார்த்த பம்ப்செட் கம்பெனி ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் அதன் உறையை எடுக்கும்போது "எந்திரிங்க, நேரமாச்சு" என்பீர்கள். ஆட்களுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பெட்டிக்கும் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும் பழைய டாஸ் முறை. நீங்கள் கீபோர்டைக் குனிந்து பார்த்து நான் பார்த்ததில்லை. லாரி டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் பில் அவர் கையில் இருக்கும். எனக்கு அந்த வேகம் கடைசிவரை வரவில்லை என்பதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு, இப்போது சொன்னால் என்ன?

அப்புறம் முதலாளி வேறெங்கோ போய் விண்டோஸைப் பார்த்துவிட்டு வந்தார். நமக்கும் அதுதான் வேண்டுமென்றார். புதுக் கம்ப்யூட்டர் வாங்குவார் என்று நினைத்தோம். பழைய பெட்டியிலேயே ஏற்றச் சொல்லிவிட்டார். சர்வீஸ்காரர் ஓர் அடுக்கு ஃப்ளாப்பியோடு வந்து ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார். முடியப்போகும் நேரத்தில் ஒரு ஃப்ளாப்பியைப் பெட்டி படிக்கவில்லை. மறுநாள் வேறு கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். ஏறிய பிறகாவது நிம்மதி கிடைத்ததா? எதைத் தொட்டாலும் திரையில் காத்திருக்கச் சொல்லும் மணல் கடிகாரம். நாம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் அது அப்படியே நிற்கும். பிரிண்டரோ பம்ப்செட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டமும் கோடுமாக அடித்துத் தள்ளியது. எனக்கு ஆத்திரம் வந்து மேசையில் தட்டினேன். நீங்கள் பெட்டியின் தலையைத் தடவி, "வயசான பெட்டிங்க அம்மணி. புதுச் சட்டையப் போட்டுட்டு ஓடச் சொன்னா அது என்ன பண்ணும்?" என்றீர்கள்.

பிரிண்டரை ஒருவழியாகச் சரிசெய்தார்கள். புதிய பில் புரோகிராமும் வந்தது. பூஜைக்கு முந்தின வாரம் முதலாளி நம் மேசைப் பக்கம் வந்து நின்றார். "தீவாளி லோடு பூராவும் புதுசுலதான் பில்லுப் போடோணுங்க. பூஜை முடிஞ்சு நானே வந்து பாக்கறேன். ஓட்ட வரலீன்னா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, வேற ஆளப் பாத்துக்கலாங்க" என்றார். நம் ஊரில் வேலையை விட்டு நிறுத்துவதையும் இவ்வளவு மரியாதையாகத்தான் சொல்வார்கள். பில் போடும் வேலை உங்களுடையது. உங்கள் வீட்டுக்காரரின் லேத் பட்டறை மூடிக் கிடந்தது, பையன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். அந்த மேசை போனால் உங்கள் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் "சரிங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஆயுத பூஜையன்று மோட்டார்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்த ஃபிட்டர் அண்ணன் மவுசை எடுத்துத் திருப்பினார். அடியில் உருண்டையைக் கண்டதும், "ஓடற பாகத்துக்குத்தானுங்க பொட்டு" என்று சந்தனத்தை அள்ளி அதன் மேலேயே அப்பிவிட்டார். மோட்டாரில் சுழலும் ஷாஃப்டுக்கு வைப்பவர், மவுசில் உருண்டைக்கு வைத்தார். அவர் கணக்கில் தவறே இல்லை. பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக்கூடாது என்பதால் மறுநாள்தான் பார்த்தோம். திரையில் அம்பு நொண்டி நொண்டிப் போனது.

உருண்டையைக் கழற்றி, உள்ளே காய்ந்து கிடந்ததை ஊக்கால் சுரண்டித் துணியால் துடைத்து மாட்டினேன். என் கையில் அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. "இந்தாங்கக்கா" என்று உங்களிடம் தள்ளினேன். உங்கள் கைக்குப் போனதும் அம்பு துள்ளியது. நீங்கள் பிடியை இறுக்கினீர்கள், இன்னும் துள்ளியது. நான் திரையைப் பார்ப்பதை விட்டு உங்கள் கையைப் பார்த்தேன். சில மாதங்களாகவே டீ டம்ளரை நீங்கள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீபோர்டில் மணிக்கட்டை மேசையில் ஊன்றித் தட்டும்போது யாருக்கும் தெரியாத நடுக்கம், மவுசைப் பிடித்ததும் திரையில் ஊருக்கே தெரிந்தது.

நீங்கள் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் உள்ள சந்தனம் இருக்குதாட்ட இருக்குது அம்மணி" என்றீர்கள்.

"ஆமாங்கக்கா. அண்ணன் ரொம்ப அப்பிப்போட்டாருங்க" என்றேன்.

அழுதால் உங்களைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மெனுவில் சில எழுத்துகளுக்கு அடியில் கோடு போட்டிருப்பதைப் பார்த்திருந்தேன். அதெல்லாம் எதற்கென்று சர்வீஸ்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அந்த எழுத்தைத் தட்டினால் மவுசு இல்லாமலே அந்த மெனு திறக்கும் என்றார். சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியை ஓரமாக வைத்துவிட்டு இருவரும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். ஒரு தடவை எதையோ தட்டி, போட்ட பில்லெல்லாம் மறைந்துபோய் நான் பதறினேன். நீங்கள் "எங்க போயிருவீங்க, வாங்க" என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டே தேடிப் பிடித்தீர்கள். இரண்டே நாளில் உங்கள் விரல்களுக்குப் பழைய வேகம் திரும்பிவிட்டது.

முதலாளி வந்தார். நான் மவுசை முன்னமே கழற்றி டிராயரில் போட்டிருந்தேன். "எங்கீங்க மவுசு?" என்றார். "சந்தனம் போயி அடச்சிருச்சுங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நீங்கள் மணிக்கட்டை ஊன்றித் தட்ட ஆரம்பித்தீர்கள். கட்டங்கள் திறந்து மூடின. மணல் கடிகாரம்கூட அன்று அதிக நேரம் நிற்கவில்லை, பெட்டிக்கும் நிலைமை புரிந்துவிட்டதோ என்னவோ. பிரிண்டர் கிறீச்சிட்டுப் பில்லைத் துப்பியது. முதலாளி அதைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "மவுசு இல்லாமயே இத்தன வேகமா வருதுங்களே, அப்புறம் மவுசு எதுக்குங்க?" என்றார். "அதத்தானுங்க நாங்களும் கேக்கறோம்" என்றீர்கள். அந்தத் தீபாவளி லோடு முழுக்க உங்கள் கையால்தான் போனது. பையன் படிப்பை முடித்து வேலைக்குப் போகும்வரை நீங்கள் அந்த மேசையை விடவில்லை. மவுசும் டிராயரை விட்டு வெளியே வரவில்லை.

பல வருடம் கழித்து உங்களைக் கடைசியாகப் போத்தனூர் வீட்டில் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தீர்கள். கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அது அப்போதும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பேச்சு வெகுவாகக் குறைந்திருந்த நீங்கள் கண்ணைத் திறந்து, "அந்தச் சந்தனம் எப்பத்தான் போச்சு அம்மணி?" என்றீர்கள்.

"இன்னும் போகலீங்கக்கா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, வாசலுக்கு வந்து அழுதேன்.

காலையில் மகளின் மவுசைத் திருப்பிப் பார்த்தேன் அக்கா. உருண்டை இல்லை, சிவப்பாக ஒரு வெளிச்சம் மட்டும். சந்தனம் போய் அடைக்க அதில் வழியே இல்லை. இந்தக் காலத்தில் கை நடுங்குபவர்கள் எதன் மேல் பழியைப் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே மேலே ஒரு பொட்டு வைத்தேன்.

போன வாரம் பாங்கில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். பாஸ்புக்கை மெஷினில் செருக முடியாமல் கை ஆடிக்கொண்டே இருந்தது. வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. அவர் பாஸ்புக்கை மடித்து விலகப் பார்த்தார். எனக்கு உங்கள் மடியில் ஒளிந்த கை ஞாபகம் வந்துவிட்டது. "இந்த மெஷின் காலையில இருந்தே இப்பிடித்தானுங்க. குடுங்க, நான் போட்டுத் தாரேன்" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்துத் தலையை ஆட்டி, "அதான பாத்தனுங்க" என்றார்.