தேடவில்லை என்று சொன்னது நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உன் தம்பியையும் அந்த வரியில் சேர்த்துக்கொள்ள ஆசைதான், கை வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா? மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம் என்று சொல். போனில் நீ தம்பியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கான் என்று சொல்லிவிடுகிறேன், பக்கத்து அறையில் அவன் இருப்பான், சுவருக்கும் காது உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவன் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடி ஒரு வருடம் ஆகிறது, அது உனக்குத் தெரியும். தெரியாதது இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் அரசாங்கத்திலிருந்து வேலை கணக்கெடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள், நம் வீடு குலுக்கலில் விழுந்ததாம். பத்து நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டாள். போன வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூலிக்கு வேலை செய்தாரா, இல்லையென்றால் போன மாதத்தில் வேலை தேடினாரா என்று. தம்பி அப்போது உள்ளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான், பைலைத் தூக்கிக்கொண்டு எங்கோ நேர்முகத் தேர்வுக்குக் கிளம்ப இருந்த நேரம். தேடித் தேடிக் கிடைக்கவில்லை என்று ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்ல எனக்கு நாக்கூசியது மகளே. அவனுக்கு என்ன அவசரம், தேடலை, வீட்டுக்கு ஒத்தாசையா இருக்கான் என்று சொல்லிவிட்டேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். பாலிஷ் பிரஷ்ஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவன் எங்களைக் கடந்து வெளியே போனான், அந்தப் பெண்ணுக்கு வணக்கம் சொன்னான், என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரம் போய்வந்தான், பிறகு வாரத்துக்கு ஒரு நாள், பிறகு அதுவும் இல்லை. நான் கண்டுகொள்ளவில்லை, எனக்குத்தான் தேர்தல் வந்துவிட்டதே. அந்தக் கணக்கு பேப்பரில் அச்சாகி வேலையில்லாதவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று வந்தது, நம் கட்சித் தலைவர் மேடையில் சதவீதத்தைச் சொன்னார், நான் முன்வரிசையில் நின்று கைதட்டினேன். எதிர்க்கட்சிக்காரன் சளைத்தவனா, வேலைக்குப் போகாத எல்லோரையும் கூட்டி நாட்டில் பாதிப் பேருக்கு வேலையில்லை என்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பஸ் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற நானும் அவன் கணக்கில் வேலையில்லாதவர்கள்! இதைச் சொல்லி சலூனில் ஊரையே சிரிக்க வைத்தேன். முகத்தில் சோப்பு நுரையோடு சதவீதத்தை இன்னொரு தடவை அழுத்திச் சொன்னபோது முடிதிருத்துபவர் கத்தியை எடுத்துக்கொண்டு, நம்ம தம்பி அதுல எந்தப் பக்கம் வர்றாருண்ணே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். சவரம் முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து பழைய பேப்பரைத் தேடி எடுத்து அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். வேலை தேடுகிறவன்தான் வேலையில்லாதவனாம். தேடாதவன் வேலை உள்ளவர்களிலும் இல்லை, இல்லாதவர்களிலும் இல்லை, சதவீதம் போடும்போது அவனைத் தொடுவதே இல்லையாம். நம்பிக்கை விட்டு எத்தனை பேர் வீட்டில் உட்கார்கிறார்களோ அத்தனைக்கு அந்த எண் குறையும். நான் எதற்குக் கைதட்டினேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவன் வீட்டுக்குள் நடமாடுவதே இப்போது காதில் விழுவதில்லை மகளே, கதவு திறக்கிற சத்தம்கூட இல்லாமல் திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்கிறான். தண்ணீர் எடுக்க வந்தேன் என்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போகிறது, பெற்ற பிள்ளையைப் பார்த்து.

ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவார்களாம், போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை உண்மையைச் சொல்லிப் பிழையைத் திருத்திவிடலாம் என்று நான் பரபரத்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள், பையன் வேலை தேடுறான்மா, அலையா அலையுறான், எழுதிக்க என்றேன். அவன் உள்ளேயிருந்து வந்தான். இல்லை மேடம், தேடலை, நாலு மாசமா எங்கேயும் கேக்கலை என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில், மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். நான் குறுக்கே பேசினேன். அவள் பாவம், ஆள் நேரில் இருந்தா அவர் சொல்றதைத்தான் சார் எழுதணும் என்று சொல்லிவிட்டு, போன தடவை குறித்ததையே குறித்துக்கொண்டாள். அன்று நான் சொன்னது பொய். அதையே அவன் உண்மையாக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். இன்னும் ஆறு மாதத்தில் மறுபடி வருவேன் என்று அவள் எழுந்து போனதும் அவன் என்னிடம், அடுத்த தடவை நீங்களே சொல்லிடுங்கப்பா, நான் வெளியே வரலை என்றான். சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

அம்மாவுக்கு இதெல்லாம் பாதிதான் தெரியும், நீயாகச் சொல்லாதே. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா என்கிறான், அந்த ஒன்றுமில்லை என்னைக் கொல்கிறது. இனி என் நம்பருக்குப் போன் செய்து அவனைப் பற்றிக் கேட்காதே. அவனுக்கே போடு, எடுக்காவிட்டால் மறுநாளும் போடு. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், பேச்சு கொடுத்தால் போதும். குழந்தைக்குத் தாத்தாவின் முத்தங்கள், நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் வாழ வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், மறந்துவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் அப்பா