‘பொறுல’ என்று நீங்கள் எழுதிய பக்கம்

என் அன்பான வசந்தாக்கா,

சுகமா என்று எழுதிவிட்டு அடித்தேன். பழக்க தோஷம்.

வெள்ளிவிழாக் கச்சேரிகள் நான்கும் முடிந்துவிட்டன. நேற்று கடைசி. அரங்கம் நிரம்பி வழிந்தது என்று சொல்ல ஆசைதான், பின்வரிசைகள் காலி. உங்களிடம் பொய் சொல்லி ஆகப்போவது என்ன? தாராவியிலிருந்து என் மச்சினன் வந்திருந்தான். "ஆர்க்கெஸ்ட்ரான்னு சொன்னிய, ஒருத்தரும் பாடவே இல்லையே அத்தான்?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நம் குழு முதன்முதலாக வாசித்த அதே சிம்பொனியைத்தான் நேற்றும் வாசித்தோம். அதன் இசைக்குறிப்புப் புத்தகங்களை நாசிக்கில் புதிதாகத் தொடங்கியிருக்கும் குழுவுக்குக் கொடுக்கப் போகிறார்கள். பென்சில் குறிகளையெல்லாம் அழித்துச் சனிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். தாராவியில் தோல் பை தைக்கிற எனக்கும், மாட்டுங்காவில் பாங்க் உத்தியோகம் பார்த்த உங்களுக்கும் வயலின் வரிசையில் ஒரே ஸ்டாண்ட், ஒரே புத்தகம். அதனால் நம் புத்தகத்துக்கு இப்போது நான்தான் பொறுப்பு.

வில் மேலே, வில் கீழே என்று நீங்கள் போட்ட குறிகள் போய்விட்டன. ஏழாம் பக்கத்தில் ரப்பரோடு நிற்கிறேன். அங்கே உங்கள் கையெழுத்தில் ‘பொறுல’ என்று இருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா? அந்த இடத்தில் இரண்டாம் வயலின்காரர்களுக்குப் பதினோரு பார், அதாவது பதினோரு தாளக் கட்டம், வேலையில்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். முதல் கச்சேரியில் நான் பத்திலேயே வில்லை இழுத்துவிட்டேன். சபையே அமைதியாக இருக்க, என் கீச்சு மட்டும் தனியாக. முடிந்ததும், "ஏண்டா, பதினொண்ணு எண்ணத் தெரியாதோ நோக்கு?" என்றீர்கள்.

"எண்ணத்தான்க்கா செஞ்சேன், கை முந்திட்டு" என்றேன்.

அடுத்த ஒத்திகையில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது. என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கும் தம்பியிடம் நான் எங்கள் ஊர்ப் பேச்சில் "பொறுல, வாரேன்" என்று கத்துவதைக் கேட்டு, மாட்டுங்கா வாயால் அதைச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பீர்களே, அதே சொல்.

கடைசியாக நீங்கள் போன் செய்தபோது மிஷினில் உட்கார்ந்திருந்தேன். "கொஞ்சம் பொறுங்கக்கா, கூப்பிடுதேன்" என்று வைத்தேன். கூப்பிடவில்லை. மறுநாள் காலை உங்கள் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது உங்கள் மகன். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா அக்கா? எனக்குப் ‘பொறுல’ என்று எழுதி வைத்துவிட்டு நீங்கள் முந்திக்கொள்வது என்ன நியாயம்? எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது என் பக்கத்தில் செம்பூர்ப் பெண் நித்யா. வீட்டில் தமிழ்தான், படிக்க வராது. "யே க்யா லிக்கா ஹை, அங்கிள்?" என்று ஒரு நாள் கேட்டாள், இங்கே என்ன எழுதியிருக்கிறதென்று. வாசித்துக் காட்டினேன். கதையையும் சொன்னேன்.

நேற்று அந்தப் பதினோரு பார் வந்தது. எட்டு வரை எண்ணினேன். அதற்குமேல் கண்ணீர் மறைத்து, எண்ணிக்கை தவறிவிட்டது. வில் தானாக மேலே போனது.

"பொறுல" என்று காதோரம் ஒரு குரல். நித்யாதான். பேத்தி வயசுப் பெண் என்னை ‘டா’ போடுவதுபோல் ‘ல’ போட்டதற்கு வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவளோடு சேர்ந்து, சரியான இடத்தில் வாசித்தேன்.

இந்த ஒரு சொல்லை விட்டுவைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தோலில் தப்பாக ஊசி போட்டால் ஓட்டை போகவே போகாது. காகிதத்தில் போய்விடுகிறது, அதுதான் கஷ்டம். ஆனால் வாடகைப் புத்தகங்களைத் திருப்பும்போதெல்லாம், "இரவல் பாத்திரத்தை அலம்பித்தான் கொடுக்கணும்" என்று ரப்பரை நீட்டியவர் நீங்கள்தானே.

அழித்துவிட்டேன் அக்கா. இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருந்தது.

நீங்கள் போன பிறகு, நானும் சீக்கிரம் வந்துவிட்டால் என்ன என்று சில நாள் தோன்றியது உண்மை. இனி தோன்றினாலும் கேட்க மாட்டேன். அடுத்த ஒத்திகைக்குப் போகிறேன். என் இடம் வரும்வரை ஒழுங்காக எண்ணுவேன். இந்தத் தடவை கை முந்தாது, சத்தியம்.

அதுவரை நீங்கள்தான் அங்கே கொஞ்சம் பொறுங்கக்கா.

இத்தனை வருஷம் உங்களுக்குப் பக்கம் திருப்பிய தம்பி,
முருகேசன்