ஒட்டிய மூச்சு

நிலவு நிலையம், சுரங்கப் பிரிவு
எழுதுவது: சுடர்க்கொடி, அலைப் பொறியாளர்

காலை 9.10
வைஃபை உணரிகள் ஒழுங்காக இயங்குகின்றன. ஆள் மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதை, சுவரைத் தாண்டிப் போகும் அலை தொட்டுத் திரும்புகிறது. திரையில் அது ஒரு கோடு. நிலையத்தில் இப்போது மூன்றே பேர்: நான், தலைவர் ஞானசிகாமணி, மருத்துவர் ரெஜினா. ரெஜினா அறையில் மட்டும் உணரி கிடையாது. "தூங்கும்போது என்னை வேவு பார்க்காதீங்கக்கா" என்று பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

பகல் 11.40
சரிந்த சுரங்கத்திலிருந்து பரிதியின் உடலை இன்றுதான் எடுத்தோம். என் கணவர். மண் மூடிய பிறகும் இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். கவச உடையில் பதிவாகியிருக்கிறது. என் திரையும் அன்றே அவர் மூச்சைக் காட்டியது. "அது வெறும் இரைச்சல்மா, மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லித் தோண்டுவதை நிறுத்தியவர் தலைவர். நிறுத்தியவன். இனி அந்தப் பாவிக்கு மரியாதை வேறா?

பகல் 1.25
கிடங்கு அறைத் திரையில் ஒரு கோடு. அவன்தான்; ரெஜினா இந்நேரம் தன் அறையில் தூங்குவாள். வெளியிலிருந்து பூட்டிவிட்டு, காற்றை உறிஞ்சும் பம்பை ஓடவிட்டேன். பரிதி பட்டதை இவனும் படட்டும்.

பகல் 1.50
வானொலியில் அலறுகிறான். "சுடர், ரெஜினாவும் உள்ள இருக்காம்மா! மயங்கிட்டா, மடியில போட்டு வெச்சிருக்கேன். என்னை என்ன வேணா பண்ணு, அவளை விட்டுடு!"
புளுகன். "ஒரு மூச்சுதான் தெரியுது சார். என் மெஷின் பொய் சொல்லாது" என்று பதில் அனுப்பினேன். ரெஜினாவின் அறையை ஒரு எட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. எதற்கு? மெஷினை நம்பாதவன் அவன், நான் இல்லை.

பகல் 2.15
கோடு இரண்டாகப் பிரிந்தது.
அவளைத் தரையில் கிடத்திவிட்டுக் கதவருகே வந்திருக்கிறான். இரண்டு பேர் ஒட்டி இருந்தால் ஒரே கோடுதான் விழும். ஐயோ, இதை இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. ரெஜினா அறைக்கு ஓடினேன். கட்டில் காலி.

2.22
காற்றைத் திருப்பி விட்டாயிற்று. அழுத்தம் சமமாகாமல் கதவு அசையாது. உதைத்தேன், தோளால் இடித்தேன். ரெஜினா, மூச்சு விடுடி. என் கண்ணு, விடுடி.

2.31
ஒரு கோடு நின்றுவிட்டது. எது யாருடையது என்று இந்தச் சனியன் பிடித்த திரை சொல்லாது.

2.36
வானொலி. ஆண் குரல். "ரெஜினா போயிட்டாம்மா. நடந்தது நடந்துடுச்சு. விபத்துன்னு எழுதிடலாம், நான் வாயே திறக்க மாட்டேன். நாம ரெண்டு பேராவது பொழச்சுக்கலாம். கதவைத் திற."

2.38
இதைப் படிப்பவர்களுக்கு: விபத்து இல்லை. ரெஜினாவைக் கொன்றது நான். அவள் அம்மாவுக்கு இதை அப்படியே சொல்லுங்கள்.
பம்பை மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். இப்போது உள்ளே ஒருவன்தான் இருக்கிறான்.