ஆயிரம் அடியில் சொல்லாதது

12 ஜூன் 2007, செவ்வாய்

நாளை விடியற்காலை டியூட்டி இருக்கும்போது உட்கார்ந்து எழுதுவது தப்புதான். ஆனால் தூக்கம் வரவில்லை.

இன்று சென்னையில் இறங்க விமானம் செங்கல்பட்டுக்கு மேல் வரும்போது கட்டுப்பாட்டு அறை குறுக்குவழி கொடுத்தது. கேப்டன் உடனே சரி என்றார். இறங்க அந்தத் தூரம் போதாது என்று எனக்குப் பட்டது.

"சார், கொஞ்சம் உயரமா இருக்கோமா?"

"பாத்துக்கலாம்மா. வலப்பக்கம் பாரு, உங்க மகாபலிபுரம் கடல். அப்பாவுக்கு டாட்டா காட்டு."

ஊரில் இருக்கும் அப்பாவை நினைத்து நானும் சிரித்தேன்.

ஆயிரம் அடி உயரத்துக்கு இறங்கியும் வேகம் அடங்கவில்லை. அப்படியானால் இறங்காமல் மேலே ஏறச் சொல்ல வேண்டியது துணை விமானியான என் வேலை. "சார், ஸ்பீடு..." என்றேன். அவர் இறக்கிக்கொண்டே போனார். நானும் அதற்கு மேல் சொல்லவில்லை.

ஓடுபாதையில் பாதி கழிந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. பிரேக் போட்டதில் பெல்ட் தோளை அறுத்தது. பாதை முடிவதற்குச் சற்று முன்னால் நின்றோம். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

பணிப்பெண் ஜெயா எட்டிப்பார்த்து, "இன்னா சார், கடலாண்டயே இட்டுகினு போறீங்களோன்னு நெனச்சேன்" என்றாள். கேப்டன் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"பயந்துட்டியாம்மா?"

"இல்ல சார்."

தோள் இன்னும் எரிகிறது. காலையிலும் அவரோடுதான் பறக்கிறேன். விமானக் கதவு மூடுவதற்குள் இதைக் கேட்டுவிட வேண்டும்.

சார், என் குரல் சின்னதா இருந்தாலும், மேல போயிடலாம்னு நான் சொன்னா போயிடுங்க.